வேளச்சேரியில் கொதிப்பு, ஊட்டியில் நடுக்கம்

சென்னையில் கார் ஓட்டுகிறவன் ஏசி குமிழின் சிவப்புப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. என் வண்டியில் அது பத்து வருஷமாக நீலத்தின் கோடியிலேயே கிடந்தது. சுற்றிலும் தூசி ஒரு வளையமாகப் படிந்திருந்தது. 2025 பொங்கல் விடுமுறையில் ஊட்டி போனபோதுதான் முதன்முதலாக அதைச் சிவப்புக்குத் திருப்பினேன். காலை ஆறரை மணி, புல்வெளியில் கல்லுப்பைத் தூவியது போல உறைபனி. பின் இருக்கையில் மாமியார் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் லாட்ஜ் கம்பளி (அதையும் கையோடு எடுத்து வந்துவிட்டார்). இருபது நிமிஷம் ஓட்டியும் வந்த காற்றில் ஆறிப்போன காபியின் சூடுதான் இருந்தது.

"மாப்பிள்ளை, ஹீட்டர் போட்டிருக்கேன்னீங்களே, தெரியாம ஏசியைப் போட்டுட்டீங்களோ?"

முன் கண்ணாடி வேறு உள்பக்கம் முழுக்கப் பனி மூடிக்கொண்டது. என் மனைவி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்த இடம் அரை நிமிஷத்தில் மறுபடி வெள்ளை. அப்போது ஒன்று தெரிந்துகொண்டேன். வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, குமிழ் சிவப்பில் இருக்கும்போதே ஏசி பொத்தானையும் அழுத்த வேண்டும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சுடவைக்கும், கண்ணாடி தெளியும். என் வண்டியில் ஈரம் போனது, சூடுதான் வரவில்லை.

இது ஊட்டியில் தொடங்கிய கதை இல்லை. எட்டு மாதம் முன்பு வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் ஆரம்பித்தது. இன்னும் நோண்டிப் பார்த்தால் அதற்கும் முன்னால், மிக்ஜாம் புயலில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருக்காரர்கள் பலர் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். "இந்தத் தடவை அவ்வளவு வராது" என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். வந்தது. பம்பரைத் தாண்டி முகப்பு விளக்கின் அடிவிளிம்பு வரை வந்து, இரண்டு நாள் அப்படியே நின்றது. நல்லவேளை, ஸ்டார்ட் செய்து பார்க்கும் புத்தி வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். ஆயில் மாற்றி, கார்ப்பெட்டை மொட்டை மாடியில் காயப்போட்டு, நாற்றம் போக உள்ளே சாம்பிராணிகூடப் போட்டோம். ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு ஃபேன்கள் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த கத்திரி வெயிலில் அது தன் வேலையைக் காட்டியது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஏசி ஜில்லென்று வரும். சிக்னலில் நின்று ஒரு நிமிஷம் ஆனால் காற்று சூடாகிவிடும். மறுபடி நகர்ந்தால் மறுபடி ஜில். "கேஸ் கம்மியா இருக்கும்" என்று ஒரு ஏசி கடைக்காரர் கேஸ் நிரப்பினார். ஒன்றும் மாறவில்லை. இப்போது யாராவது இந்த அறிகுறியைச் சொன்னால் கேஸைப் பற்றிப் பேசவே விடமாட்டேன். ஓடும்போது ஜில், நிற்கும்போது சூடு என்றால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வருகிறது. நிற்கும் வண்டிக்கு அதை ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும்.

ஒருநாள் மதியம் விஜயநகர் சிக்னலில் மூன்று தடவை பச்சை விழுந்தும் நகர முடியாமல் நின்றபோது, டெம்பரேச்சர் முள் முக்கால்வாசிக்கு ஏறியது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, பக்கத்துத் தெரு ஒர்க்ஷாப்புக்கு மெதுவாக ஓட்டிப் போனேன். அங்கே இரண்டு காரியம் நடந்தது. இரண்டுமே தப்பு. முதல் காரியத்தை எடுபிடிப் பையன் செய்தான். "கூலன்ட் கம்மியா இருக்கு சார்" என்று, எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் திரவத்துக்குப் பதிலாக வாளியிலிருந்த போர்வெல் தண்ணீரை மொண்டு ஊற்றினான். இரண்டாவது மெக்கானிக்கின் சிகிச்சை.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? ஐஸ் கொட்டுற ஊர்க்காரன் வச்சது. கழட்டிட்டா ஹீட் பிரச்சனையே வராது. தண்ணி ஃப்ரீயா ஓடும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கழற்றினார். எண்ணூறு ரூபாய். இருப்பதை எடுப்பதற்கும் கூலி உண்டு என்று அன்று தெரிந்தது. முள் கால்வாசிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. நான் அவரை நாலு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்தேன்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நிற்கும் வாட்ச்மேன். உள்ளே ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. தண்ணீர் சுமார் 82 டிகிரிக்கு வரும்வரை கதவைத் திறக்காது. அந்தச் சூடு வந்ததும் மெழுகு இளகி விரிந்து கதவைத் தள்ளும். இதனால் எஞ்சின் சீக்கிரம் சூடாகி, தனக்கு வேண்டிய 90 டிகிரி வாக்கில் நிற்கிறது. வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டருக்குள் போய் ஆறிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் எதிர்காற்றும் சேர்ந்தால் எஞ்சின் சூடாகவே ஆகாது. வண்டியின் கம்ப்யூட்டரோ "இன்னும் காலை நேரம் போலிருக்கிறது" என்று பெட்ரோலைக் கொஞ்சம் கூடவே ஊற்றிக்கொண்டிருக்கும். லிட்டருக்குப் பதினாறு கிடைத்துக்கொண்டிருந்தது பதின்மூன்றுக்கு வந்தது. நான் பெட்ரோலில் எத்தனால் கலப்பதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஊட்டியிலிருந்து இறங்கிய மறுவாரம் மச்சான் ஒரு தீப்பெட்டி அளவு கருவியைக் கொண்டுவந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் என்று ஒன்று இருக்கிறது. அதில் இதைச் செருகினால் செல்போனில் எஞ்சின் சூடு எண்ணாகவே தெரியும். ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேதான். டாஷ்போர்டு முள்ளை நம்பி உட்கார்ந்திருந்ததற்கு அப்புறம் வெட்கப்பட்டேன். அது பல வண்டிகளில் 80 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 100 டிகிரியிலும் நடுவிலேயே நிற்கும். எண் அப்படி மழுப்பாது.

இரண்டு பேரும் திருவான்மியூரில் ஏறி ஈசிஆரில் கோவளம் வரை போனோம். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சூடு 66 டிகிரி. மச்சான் சிரித்தான். "மாமா, இந்தத் தண்ணியில எஞ்சின் ஓடக் கூடாது, நாமதான் குளிக்கணும்." கூடவே பி0128 என்று ஒரு குறியீடும் பதிவாகியிருந்தது. தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய சூட்டுக்கு எஞ்சின் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். ஹீட்டரின் நடுக்கத்துக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிடைத்தது பாதிதான் என்று பின்னால் தெரிந்தது.

திரும்பும்போது டைடல் பார்க் சிக்னலில் மாட்டினோம். அதே வண்டி, அதே தண்ணீர். 88. 95. ஃபேன் வர வேண்டிய இடம் அதுதான், வரவில்லை. 101. 104. நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 106-ல் ஹோவென்று ஒரே இரைச்சலாக ஃபேன் கிளம்பியது. அதாவது ஒரே வண்டிக்கு ஓடும்போது குளிர்ஜுரம், நின்றால் கொதிஜுரம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதால் இரண்டாவது நோய் கொஞ்ச காலம் வெளியே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். முதல் நோயை நாங்களே காசு கொடுத்து வரவழைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பிளாட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தோம். எலக்ட்ரீஷியன் பாய் வருவதற்கு முன் நாங்களே ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று. பாய் போனில் முதல் கட்டளையே இப்படித்தான் இட்டார்: "லுங்கியோட நிக்காதீங்க. தோள்ல துண்டு போடாதீங்க. சாவியை எடுத்துட்டாலும் அந்த ஃபேன் திடீர்னு சுத்தும்." உண்மைதான். நிறைய வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பிறகும் சூடு இருந்தால் ஃபேன் தானாகக் கிளம்பும். விரல் வைத்துச் சுற்றிப் பார்க்கும் ஆசை வந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஏசி போட்டோம். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் எஞ்சின் சூடு எதுவாக இருந்தாலும் ஃபேன் மெதுவாகவாவது சுற்ற வேண்டும். இரண்டு ஃபேனும் அசையவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. அடுத்தது ரிலே, கம்ப்யூட்டர் சொன்னதும் ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். அதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எது எந்த ரிலே என்று படம் போட்டிருக்கும். ஃபேன் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே நம்பராக இருந்தால் ஃபேன் ரிலேயைப் பிடுங்கி ஹாரன் குழியில் குத்தி ஹாரனை அழுத்த வேண்டும். அடித்தால் ரிலே நல்லது. மூன்று ரிலேக்கு மூன்று தடவை அடித்தேன். இரண்டாம் மாடி மாமா எட்டிப் பார்த்து, "என்ன சார், டெலிவரியா?" என்றார்.

அடுத்ததாக டெம்பரேச்சர் சென்சாரின் பிளக்கைக் கழற்றினோம். எஞ்சின் சூடு என்னவென்று தெரியாமல் போனால், பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஃபேனை முழு வேகத்தில் ஓட்டிவிடும். எங்கள் வண்டி அப்படித்தான் செய்தது. டிரைவர் பக்க ஃபேன் முழு வேகத்தில் கிளம்பியது, இடது பக்கத்தது பிணமாகக் கிடந்தது. ஆக கம்ப்யூட்டர் சொல்கிறது, ரிலே கேட்கிறது. ஃபேன்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. (இந்தச் சோதனை கம்ப்யூட்டரில் ஒரு பிழையைப் பதிந்துவிட்டுப் போகும். செல்போனிலேயே அழித்துக்கொள்ளலாம்.)

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. செத்தது ஒரு ஃபேன். முழு வேகத்தில் இன்னொன்று நன்றாகவே ஓடுகிறது. அப்படியானால் மெதுவான வேகத்தில் அந்த நல்ல ஃபேனும் ஏன் நிற்கிறது? பாய் வந்து, தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார்.

"தம்பி, ஆடி மாசம் அம்மன் கோயில்ல சீரியல் லைட் கட்டுவாங்கள்ல? ஒரு பல்பு போச்சுன்னா மொத்த சரமும் அணைஞ்சிரும். இந்த வண்டியில மெதுவா ஓட்டணும்னா ரெண்டு ஃபேனையும் அந்த மாதிரி ஒரே சரமா கோத்துடுவான். ஆளுக்குப் பாதி வோல்ட்டு, ரெண்டும் மெதுவா ஓடும். வேகமா ஓட்டணும்னா சரத்தைப் பிரிச்சு ஆளுக்குத் தனித்தனியா குடுப்பான். உங்க சரத்துல ஒரு பல்பு போச்சு."

எட்டு மாதக் குழப்பம் அந்த ஒரு சாக்பீஸ் படத்தில் முடிந்தது. எல்லா வண்டியிலும் இப்படி இல்லை என்றும் பாய் சொன்னார். சிலவற்றில் ஒரே ஃபேன்தான் இருக்கும், மெதுவான வேகத்துக்கு நடுவில் கரண்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அந்த ரெசிஸ்டர் எரிந்தாலும் இதே கதைதான்: மெதுவேகம் போய்விடும், கொதிக்கும் தறுவாயில் மட்டும் முழு வேகம் வரும். "திடீர்னு ஃபேன் ரொம்ப சத்தமா கிளம்புதுன்னு சொன்னாலே நான் மெதுவேகம் போச்சுன்னு எடுத்துப்பேன்" என்றார். அந்த இரைச்சலை நான் ஃபேன் நன்றாக வேலை செய்வதற்கு அத்தாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

செத்த ஃபேனின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த வயரில் நேரடியாகக் கரண்ட் கொடுத்தார். அசைவில்லை. ஸ்பேனர் கைப்பிடியால் மோட்டார் தலையில் டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டினார். முனகிக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. உள்ளே கார்பன் பிரஷ் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். தட்டினால் ஓடும் மோட்டாரை அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். "ஓட்டலாம். சிக்னலுக்குச் சிக்னல் இறங்கித் தட்டணும்."

புதுப்பேட்டையில் பழைய மோட்டார் ஆயிரத்து நானூறுக்குக் கிடைத்தது. பழைய பொருள் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தெருக்களில் கிடைக்காத பாகம் இல்லை, கதவுக் கைப்பிடியெல்லாம் அங்கேதான் வாங்கியிருக்கிறேன். ஆனால் பாய் ஒரு கேள்வி கேட்டார். "வெள்ளத்துல போன வண்டியெல்லாம் பிரிச்சு எங்க வரும்னு நினைக்கிறீங்க?" அதற்கு மேல் யோசிக்காமல் ஜி.பி. ரோட்டுக்கு நடந்து மூவாயிரத்து எண்ணூறுக்குப் புதுசு வாங்கினேன்.

புது மோட்டார் மாட்டியும் முழு திருப்தி இல்லை. சுற்றியது, ஆனால் மந்தமாக. அவசரக்காரன் யாராக இருந்தாலும் "ஓடுதுல்ல, விடு" என்று பானெட்டை மூடியிருப்பான். நான் மூடத்தான் போனேன். பாய் தடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை ஃபேனின் கறுப்பு வயரிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே. 2.3 வோல்ட் காட்டியது. அது கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இடம். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் வழியிலேயே இரண்டேகால் வோல்ட் தொலைகிறது. முகப்பு விளக்குக்குப் பின்னால் பாடியில் முடுக்கியிருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு, கோயில் செப்புப் பாத்திரத்தில் இருப்பது போல. மிக்ஜாமின் கையெழுத்து. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை கிரிம்ப் செய்து, முடுக்கியபின் மேலே வாசலின் தடவினோம். 0.1 வோல்ட். ஃபேனின் சத்தமே மாறியது.

நான் இதில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் அரித்துப்போன வயர்கூட 12 வோல்ட் காட்டும். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், மோட்டாருக்குப் போதாது. பாரம் இழுக்கும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். மீட்டர் இல்லாவிட்டால் ஒரு பழைய பிரேக் லைட் பல்பில் இரண்டு வயரைச் சேர்த்து வைத்துக்கொண்டாலே போதும். பிரகாசமாக எரிந்தால் வயர் நல்லது, மங்கினால் எங்கேயோ அரித்திருக்கிறது.

அடுத்தது தெர்மோஸ்டாட். புதுசு வாங்கியதுமே மாட்டவில்லை. பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு அடுப்பு முன்னால் நின்றேன். 82-ல் இமை திறப்பது போல மெல்ல விரிந்தது, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முழுக்கத் திறந்தது. அந்தப் பாத்திரத்தில் அப்புறம் பால் காய்ச்சக் கூடாது என்று தீர்ப்பாகி, அது இப்போது காரின் சொத்து. தெர்மோஸ்டாட் தட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஆணி இருந்தால், அது மேல்பக்கம் வரும்படி மாட்ட வேண்டும். உள்ளே மாட்டிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். சுற்று ரப்பரையும் புதிதாகவே போட்டேன். பழைய ரப்பரில் சொட்டுவதை அப்புறம் தேடுவது பெரிய தலைவலி.

ஈசிஆரில் மறுபடி ஓட்டினோம். 89, 90, 91. பாறை மாதிரி நின்றது. ஹீட்டரைத் திறந்தேன். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் இன்னும் வெதுவெதுப்புதான். தெர்மாமீட்டரைக் காற்று வரும் துவாரத்தில் வைத்தால் 38. மச்சான் முகம் தொங்கிவிட்டது.

ஹீட்டர் என்பது தனிச் சாதனம் இல்லை. டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் கொதிநீர் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புத் தகட்டில் அந்த இரண்டு ஹோஸும் ஜோடியாக நுழைவது தெரியும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் குமிழைச் சிவப்பில் வைத்து, துணி சுற்றிய கையால் இரண்டையும் தொட்டுப் பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, குற்றம் உள்ளே காற்றைத் திருப்பும் தடுப்பிலோ அதன் கேபிளிலோ. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் எஞ்சினே சூடாகவில்லை, அல்லது தண்ணீர் குறைந்திருக்கிறது. ஒன்று கொதித்து மற்றது சாதாரணமாக இருந்தால் குட்டி ரேடியேட்டருக்குள் அடைப்பு, இல்லையென்றால் காற்று மாட்டியிருக்கிறது. காற்று சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் வேகமே இல்லை என்பது வேறு புகார். அதற்கு உள்ளே இருக்கும் ஏசி ஃபில்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் பிளாட்டில் ஒருவர் வண்டியில் எலி அங்கே குடும்பமே நடத்தியிருந்தது.

எனக்கு ஒன்று கொதித்தது, மற்றது சாதாரணம். போர் தண்ணீர். வேளச்சேரிப் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படியென்று எங்கள் வீட்டுப் பக்கெட் ஓரத்திலும் ஷவர் துளையிலும் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே போதும். அதைக் கொதிக்கவைத்து மெல்லிய குழாய்களில் எட்டு மாதம் ஓடவிட்டிருக்கிறேன், வெள்ளத்துக்குப் பின் மாற்றாமல் விட்ட பழைய கூலன்டோடு சேர்த்து. நம் ஊரில் உறையாமல் இருக்கக் கூலன்ட் வேண்டாம், உண்மைதான். ஆனால் அதில் துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த மருந்து நீர்த்துப்போய், உப்பும் துருவும் கைகோத்துக்கொள்கின்றன.

எஞ்சின் முழுக்க ஆறியபின் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் திரும்பி வரும் வழியாகத் தோட்டக் குழாயைச் செருகி, எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டோம். முதலில் வந்தது பில்டர் காபி டிகாக்ஷன். அப்புறம் மணல் போல ஏதோ. கால் மணி நேரம் கழித்துத் தெளிந்தது. இங்கே அழுத்தம் ஜாஸ்தியாகக் கொடுக்கக் கூடாது என்று பாய் நாலு தடவை சொன்னார். அந்தக் குட்டி ரேடியேட்டர் கிழிந்தால் மாற்றுவதற்கு டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும், அந்தக் கூலிக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊட்டி போய் வரலாம். வடித்த பழைய கூலன்டை வாளியில் பிடித்து மூடி வைத்தோம். அது இனிக்கும், விஷம். சாக்கடை ஓரத்தில் கொட்டினால் தெருநாய் நக்கிவிட்டுச் செத்துப்போகும்.

நிரப்புவதற்குப் பேட்டரி கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி, கூலன்டும் தண்ணீரும் சரிபாதி. முன்பிருந்த வகைக் கூலன்டையே வாங்க வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாமல் வண்டிக் கையேட்டில் என்ன வகை சொல்லியிருக்கிறது என்று பார்த்தேன். காற்றை வெளியேற்றுவதுதான் பெரிய வேலை. அதற்கு வண்டியின் மூக்கு உயர்ந்திருக்க வேண்டும். சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? பிளாட்டின் பேஸ்மென்ட் சரிவில் மேல்நோக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூடி திறந்தபடி, குமிழ் சிவப்பின் கோடியில், எஞ்சினை ஓடவிட்டோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டும். சூடான வண்டியின் மூடியில் கை வைக்கவே கூடாது. டாஷ்போர்டுக்குள் களக் களக்கென்று சத்தம், மூடி வாயில் குமிழி. ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஃபேன் மெதுவான வேகத்தில் தானாக வந்தது, 95-ல். நின்றது. மறுபடி வந்தது. இரண்டு ஃபேனும் அமைதியாக ஜோடியாகச் சுற்றுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்க்கிங்கிலிருந்து வெளியே போக முடியாமல் இரண்டு ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன், அதில் 0.9 என்று எழுதியிருக்கும், அது பிடித்துவைக்கும் அழுத்தத்தின் அளவு. குக்கர் விசில் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஊட்டி உயரத்தில், 2,240 மீட்டரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே சோறு வேகக் குக்கர் கேட்கிறது. ரேடியேட்டருக்குள் அந்த மூடியின் அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்த மூடியோடு மலை ஏறுவது கேஸ்கெட் இல்லாத குக்கரை அடுப்பில் ஏற்றுவது போலத்தான்.

துவாரத்தில் தெர்மாமீட்டர் இப்போது 57. பிப்ரவரி மதியம், வேளச்சேரி, கண்ணாடி ஏற்றிய காரில் நானும் மச்சானும் ஹீட்டர் காற்றில் வேர்த்துக் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை இரண்டு நிமிஷம் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கிறேன். மகள் "அப்பா, ஏம்ப்பா இப்படிப் பண்ற?" என்று கத்துவாள். காரணம் இதுதான். பல வண்டிகளில் தண்ணீர் குறைந்தால் உள்ளே புகும் காற்று முதலில் போய் உட்காரும் இடங்களில் அந்தக் குட்டி ரேடியேட்டரும் ஒன்று. எஞ்சின் 90-ல் இருக்கிறது, ஹீட்டர் மட்டும் ஜில்லென்று வருகிறது, டாஷ்போர்டுக்குள் களக் களக் என்றால், அன்றே கூலன்டைப் பார்க்க வேண்டும். சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்று இருந்தால் அதற்கும் சூடு சரியாகத் தெரியாது, ஃபேனும் வராது. அந்த நேரத்தில் டாஷ்போர்டு முள் நல்ல பிள்ளையாகவே இருக்கும். ஹீட்டர் பொய் சொல்லாது. இன்னொன்று, சிக்னலில் வண்டி கொதிக்கத் தொடங்கினால் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் போட்டால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு நம் மேல் இறங்கும், ஓரங்கட்டும்வரை தாக்குப்பிடிக்கும். கத்திரியில் அது சுகமான அனுபவம் இல்லைதான். எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால், அதை மாற்றும் பில்லும் அப்படித்தான்.

பழைய ஒர்க்ஷாப் பக்கம் பஞ்சர் போடப் போனபோது, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டியதை அந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். சண்டை போடும் உத்தேசம் இல்லை. அவர் என் வண்டிக்குச் செய்தது அந்தத் தெருவில் எல்லா வண்டிக்கும் செய்தது. அவர் முகம் கோணாமல், "அட, புதுசு வாங்கினீங்களா? கேட்டிருந்தா உங்களுதே இருக்குமே சார்" என்று பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை இழுத்தார். டப்பா நிறையத் தெர்மோஸ்டாட்டுகள், பித்தளையும் ஸ்டீலுமாக. கையை விட்டுக் கிளறிவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல உங்களுது எதுன்னு பாருங்க."